காதில் சத்தம் கேட்கிறதா?

என் அலமாரியில் ஒரு பழுப்பு நிறப் புட்டி இருக்கிறது. கார்க் மூடி போட்டது. அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்தது ஒரு காகிதப் பட்டை, ஓரம் பல் பல்லாக நறுக்கியது. எழுபதுகளில் அரசாங்க மருந்தகத்தில் திரவ மருந்து வாங்கியவர்களுக்கு இது என்னவென்று தெரியும். புட்டியை நோயாளிதான் கொண்டுவர வேண்டும். நாங்கள் மருந்தைக் கலந்து ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று காட்டக் காகிதத்தை மடித்து வெட்டி ஒட்டிக் கொடுப்போம். ஒரு வேளைக்கு ஒரு பல். அலமாரியைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் என் மனைவி இதைத் தூக்கிப் போடச் சொல்வாள். நான் காதில் விழாதவன் போல நகர்ந்துவிடுவேன். அது கருவாட்டு அக்காவின் புட்டி.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரக் குப்பம் ஒன்றின் மருந்தகத்தில் நான் கம்பவுண்டராக இருந்தேன். சொந்த ஊர் படாளம். ஏரியையும் வயலையும் பார்த்து வளர்ந்தவன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அலைச் சத்தத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை. மூன்றாவது மாதத்தில் அங்கே கடல் இருப்பதே மறந்துவிட்டது. செங்கல்பட்டிலிருந்து டாக்டர் வாரம் ஒரு நாள் வருவார். மற்ற நாட்களில் அவர் எழுதி வைத்த சீட்டுகளும் நானும்தான்.

என் கையிலிருந்த மருந்துகளில் பாதி சாலிசிலிக் அமிலத்தின் குடும்பம். அமிலத்தை அப்படியே களிம்பில் குழைத்தால் படர்தாமரைக்கும் ஆணிக்காலுக்கும் ஆகும். தடித்த தோலை ஊறவைத்து உரித்துவிடும். அதையே விழுங்கினால் வயிறு புண்ணாகும். அதனால் சோடியம் சேர்ந்த உப்பாகத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் சோடா உப்பும் போட்டுக் குடிக்கக் கொடுப்போம். வினிகரில் இருக்கும் அமிலத்தின் ஒரு துண்டை அந்த மூல அமிலத்தோடு கோத்துவிட்டால் அதுவே ஆஸ்பிரின். மூட்டுக்குத் தேய்க்கும் தைலத்தில் மணப்பதும் இதன் இன்னொரு உருவம். துருப்பிடித்த வாளித் தண்ணீரில் ஒரு முறை கலந்துவிட்டு, மருந்து ஊதா நிறமாக மாறியதைப் பார்த்து மொத்தத்தையும் கொட்டினேன். அந்த அமிலத்துக்கு இரும்பு பட்டால் அப்படித்தான் ஆகும். இதெல்லாம் எனக்கு அத்துப்படி. தெரியும் என்ற திமிரும் வேண்டிய அளவு இருந்தது.

கருவாட்டு அக்காவுக்கு நாற்பது வயதாவதற்குள் முடக்குவாதம் வந்துவிட்டது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது, மடங்கினால் நீளாது. மீனைக் கீறி, உப்புத் தடவி, காயவைத்து, திருக்கழுக்குன்றம் பக்கத்துச் சந்தையில் கொண்டுபோய் விற்பவள். வீட்டில் வேறு சம்பாத்தியம் கிடையாது. முதல் நாள் அவள் என்னிடம் கேட்டதும் அது ஒன்றுதான். “கத்தி புடிக்கணும் கம்பவுண்டரே. மீதி வலி இருந்துட்டுப் போவட்டும்.”

டாக்டர் சோடியம் சாலிசிலேட் கலவை எழுதினார். சரியான அளவைக் கண்டுபிடிக்க அப்போது எங்களுக்கு ஒரே வழிதான் இருந்தது. அந்த மருந்து உடம்பில் நிறைந்துவிட்டால் காதுக்குள் சத்தம் கேட்கும். அது கேட்கும் வரை ஏற்ற வேண்டும், கேட்டதும் ஒரு படி இறக்க வேண்டும். ரத்தத்தை எடுத்து அளந்து பார்ப்பதெல்லாம் எங்களுக்கு எட்டாத விஷயம். புட்டிக்கு நாலு பல் வைத்து ஆரம்பிக்கச் சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார்.

மூன்றாம் நாள் நான் கேட்டேன், “காதுல சத்தம் கேக்குதாக்கா?” அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை மூடி, அவசரமில்லாமல் கவனித்தாள். பிறகு, “கீது,” என்றாள். எப்படி என்றேன். “ஓன்னு. வுட்டு வுட்டு,” என்றாள். அந்த ‘வுட்டு வுட்டு’ அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நாலு பல்லின் மேல் ஆறு பல் பட்டையை ஒட்டினேன்; பல் கூடினால் வேளைக்கு மருந்து குறையும். அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே சாய்ந்த தலை, அதே பதில். எட்டுப் பல் ஆயிற்று. டாக்டர் சீட்டில் ‘மருந்து தாங்காத உடம்பு’ என்று எழுதினார். வலி குறையவே இல்லை. ஆரம்பித்ததில் பாதி மருந்துக்கு எப்படிக் குறையும்? எனக்கு எரிச்சல் ஏறியது. இவள் மருந்தை மணலில் கொட்டிவிட்டு வந்து நிற்கிறாள் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்தாமல், வரிசையில் நின்றவர்கள் முன்னால் சொல்லியும்விட்டேன். அவள் சண்டைக்கு வரவில்லை. “குடிக்காதவ இன்னாத்துக்கு இங்க வந்து நிக்கப் போறேன்?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் புட்டியை வாங்கிக்கொண்டு போனாள். இப்படியே ஆறு மாதம்.

ஒரு சந்தை நாளில் காய்கறி வாங்கப் போன இடத்தில் அவளைப் பார்த்தேன். சாக்கை விரித்துக் கருவாட்டைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். காலை மருந்து குடித்தாயா என்று கேட்டேன். குடித்ததாகச் சொன்னாள். பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்துவிடும் ஆத்திரத்தில், இப்போது காதில் சத்தம் கேட்கிறதா என்றேன். அதே மாதிரி தலையைச் சாய்த்தாள். கண்ணை மூடினாள்.

“இப்போ இல்லியே.”

“மருந்து குடிச்சேன்னீங்களே?”

“குடிச்சேன். அங்கன்னா கடலு கீது, சத்தம் கேக்குது. இங்க ஏது?”

கத்தரிக்காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு நான் அப்படியே நின்றேன். ஆறு மாதமாக அவள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு, நிதானமாகக் காது கொடுத்து, உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. வந்த புதிதில் அதனாலேயே தூக்கம் கெட்ட எனக்குத்தான் கேட்கவில்லை.

டாக்டர் வந்ததும் சொன்னேன். சீட்டில் தான் எழுதியதை அடித்துவிட்டு, மூன்று பல் வைக்கச் சொன்னார். நாலாம் நாள் அவளே வந்து நின்றாள். “இன்னாது இது, தலைக்குள்ள வண்டு பூந்த மாதிரி? நிக்கவே மாட்டேங்குது.” ஆறு மாதத்துக்கு முன்னால் நாங்கள் கேட்டது இந்தச் சத்தத்தைத்தான். ஒரு படி இறக்கினோம். இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது. காலையில் கை விறைப்பதும் குறைந்தது. ஆனால் வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் உள்ளே மடங்கியவை மடங்கியவைதான். கட்டைவிரலும் அடுத்த இரண்டும் மட்டும் வைத்துக்கொண்டு மீன் கீறும் கத்தியை அழுத்திப் பிடிக்க முடியாது.

“வலி இல்ல கம்பவுண்டரே. கத்தியும் இல்ல,” என்றாள்.

அதற்குள் ஆஸ்பிரின் மாத்திரை தாராளமாக வர ஆரம்பித்திருந்தது. பொட்டலமாக மடித்துக் கொடுத்தேன். “இந்தப் புட்டிய நீயே வெச்சிக்க, மூடிய இழுக்க வரல,” என்று சொல்லிவிட்டுப் போனாள். பல வருஷம் கழித்து வேறொரு மருத்துவரிடம் இதைச் சொன்னேன். அந்த மருந்து வலியையும் வீக்கத்தையும்தான் பிடித்து வைக்கும், முழு அளவு கொடுத்திருந்தாலும் விரல்கள் வளைந்திருக்கலாம் என்றார். இருக்கலாம். எனக்கு அது போதவில்லை. குடிக்காமல் கொட்டுகிறாய் என்று பத்துப் பேர் முன்னால் நான் சொன்னதற்கு அதில் பதில் இல்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்க எத்தனையோ நாள் இருந்தது. கம்பவுண்டர் என்ற கெத்தை விட்டு இறங்காமலே மாற்றலாகி வந்துவிட்டேன்.

இப்போது கேளம்பாக்கத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். இதயத்துக்கென்று தினமும் ஒரு குட்டி ஆஸ்பிரின், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஏதாவது தொந்தரவு உண்டா என்று டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்பார், இல்லை என்பேன்.

போன மழைக்காலத்தில் ஈரம் ஏறி, புட்டியின் பட்டை பசை விட்டுக் கழன்றது. ஒன்றின் மேல் ஒன்றாக நான் ஒட்டியவை தனித்தனியாக வந்தன. அவற்றை மேசையில் வரிசையாக வைத்தேன். மேலே இருந்தது நாலு பல். அதற்கடுத்து மூன்று, எட்டு, ஆறு. கடைசியாக, கண்ணாடியை ஒட்டி இருந்தது முதல் நாள் நான் வெட்டியது. அதுவும் நாலு பல்தான்.