செத்தல் மிளகாயும் சாப்பாட்டு மேசையும்

ஸ்மோக் அலாரம் அலறியபோது நான் சாப்பாட்டு மேசைக்கு அடியில் இருந்தேன். இங்கே கனடாவில் பிறந்த என் பதினைந்து வயது மகள் ஆரணியையும் இழுத்துக்கொண்டு போய், அவள் வாயைப் பொத்தியிருக்கிறேன். எப்படிப் போனேன் என்று நினைவில்லை.

விழுந்தது ஊர்ப் போரில் விழுந்த செல் (பீரங்கிக் குண்டு) அல்ல. கருகியது செத்தல் மிளகாய் (காய்ந்த மிளகாய்). சில மாதங்களாக எனக்கு நெஞ்சு படபடப்பு, நித்திரையும் இல்லை. நாவூறுதான் (கண்திருஷ்டி) என்று முடிவுகட்டிய மச்சாள், கணவரின் தமக்கை, டோர்செட் பார்க் அப்பார்ட்மெண்டில் மிளகாயும் உப்பும் என்னைச் சுற்றி அடுப்பில் போட்டார். நாவூறு போனதோ தெரியாது, தீயணைப்பு வண்டி வந்தது.

"அம்மா, எனக்கு உங்களைப் பார்க்கவே பயமா இருந்தது," என்றாள் ஆரணி. போர் அவளுக்கும் தொற்றிவிடுமோ என்று அன்றுதான் நடுங்கினேன்.

இதயத்தில் பிழையில்லை என்றார் வைத்தியர். மனவடு (ஆபத்து முடிந்தபின்னும் உடல் அதை முடியவிடாத நிலை) என்றார். தமிழரிடம் போனால் கதை கோயிலடிவரை போய்விடும் என்று பேச்சுச் சிகிச்சைக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் போனேன். பங்கர் (பதுங்குகுழி), செல், தம்பி, எல்லாம் ஆங்கிலத்தில் சொன்னேன். யாருக்கோ நடந்ததுபோல இருந்தது. படபடப்பும் குறையவில்லை.

கடைசியில் வெட்கத்தை விட்டுத் தமிழ் உளவளத்துணையாளரிடம் (பேச்சு வழியாகச் சிகிச்சை செய்பவர்) மாறினேன். "தம்பி என்ரை மடியிலைதான் செத்தவன்," என்று சொன்னதும் உடம்பெல்லாம் குலுங்க அழுதேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

"காலை நிலத்திலை ஊண்டுங்கோ அக்கா. இப்ப எங்கை இருக்கிறியள்?"

"டொரொண்டோவிலை."

இதையே கிழமைக்குக் கிழமை பழகினோம். இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், அழுதுவிட்டு வந்த நாட்களில் எனக்கு இன்னும் மோசமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனேன்.

போன மாதம் மிளகாய் வறுக்கையில் அலாரம் மறுபடி அலறியது. நெஞ்சு ஒருதரம் துள்ளியது. காலை ஊன்றினேன். முன்பென்றால் அந்தச் சத்தம் என்னை வன்னிப் போர்க்களத்துக்கே கொண்டுபோய்விடும். அன்று நான் எங்கும் போகவில்லை. அது வெறும் சனிக்கிழமை மத்தியானம். கதிரையில் ஏறித் துவாயால் புகையை விசிறினேன். சத்தம் நின்றது. அப்பாடா என்றிருந்தது.

திரும்பினால் ஆரணியைக் காணவில்லை. மேசைக்கு அடியில் இருந்தாள், பக்கத்தில் எனக்கும் இடம் விட்டு.

"நீங்கள் வருவீங்கள் எண்டு நினைச்சன், அம்மா."

"இல்லைப் பிள்ளை. வெளியாலை வா."