சாமி படம் மாட்டிய சுவர்

லோரிச் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. மாதவிக்கு மட்டும் கால் நகரவில்லை.

பந்திங் ஊரில் உள்ள அந்தத் தொழிற்சாலையில் மருத்துவமனை அறைகளையே முழுசாகச் செய்வார்கள். விளக்கு, கை கழுவும் தொட்டி, சுவருக்குள் ஆக்சிஜன் குழாய் எல்லாம் பொருத்தி லோரியில் ஏற்றினால், கிள்ளான் மருத்துவமனையில் கிரேன் தூக்கி அடுக்கிவிடும். குழாய்களைச் சோதிப்பது மாதவியின் வேலை.

ஜெஞ்சாரோம் தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டிய அவள் அப்பா அய்யாவு, மூச்சுக் கோளாறோடு அந்தக் கிள்ளான் மருத்துவமனையில் முன்பு படுத்திருந்தபோது, பக்கத்திலேயே கட்டட வேலை. இடிக்கிற சத்தமும் சிமெண்டுத் தூசியுமாக இருமியே ஓய்ந்துபோனார். அதைப் பார்த்துத்தான் அவள் இந்த வேலைக்கு மனுப் போட்டாள். இப்போது அவர் மறுபடி அங்கேதான், சில மாதங்களுக்கு முன் இங்கிருந்து போன அறையில். தூசியில்லை, தூங்குகிறார்.

ஒவ்வொரு அறையும் புறப்படும் முன் உள்ளே சாமி படம் வைத்துப் பூசை போடுவார் லோரி ஓட்டும் நாகையா. இன்று படம் டேப்பில் நிற்காமல் சரிந்தது. "இங்க ஒரு ஸ்க்ரூ போடுங்கண்ணே, ஓட்டைய அப்புறம் அடைச்சிரலாம்" என்று இடம் காட்டியது மாதவிதான். சூடம் எரியும்போதுதான் உறைத்தது. அந்த ஸ்க்ரூவுக்குப் பின்னால்தான் ஆக்சிஜன் குழாய் மேலேறுகிறது.

பட்டிருக்காது. பட்டிருந்தால்? சோதனை முடிந்து அவள் கையெழுத்தும் போட்டாயிற்று. வாயைத் திறந்தால் வேலை போகலாம். மூடினால், யாரோ ஒருவருக்குப் போக வேண்டிய காற்று சுவருக்குள் கசியும். அந்த யாரோவுக்கு அப்பாவின் முகம் இருந்தது.

எஞ்சின் உறுமியது. அவள் லோரிக்கு முன்னால் போய் நின்றாள்.

"பழம்தான் நசுங்கணும், நீ இல்ல லா" என்றார் நாகையா.

மேலாளர் ஐங்கரன் வேகமாக வந்தார். "என்ன மாதவி? அங்க கிரேன் வெயிட்டிங்."

"பாஸ், ஸ்க்ரூ குழாய்ல பட்டிருக்கலாம். நான்தான் இடம் காட்டினேன்."

அவர் அவளையே பார்த்தார். "கேஜ் மாட்டு."

ஸ்க்ரூவைக் கழற்றி, குழாயில் காற்றை ஏற்றி, வால்வை அடைத்தாள். அழுத்தம் காட்டும் கேஜ் முள் அசையாமல் நின்றது. "பாத்தியா, சாமி காப்பாத்திட்டாரு" என்றார் நாகையா. அவர் சொல்லி முடிப்பதற்குள் முள் மெல்லக் கீழே சரிந்தது.

"இங்கன்னா ஒரு பலகையக் கழட்டினா போச்சு" என்றார் ஐங்கரன். "அங்க ஆள் படுத்திருக்கும்போது சுவரை எப்படிப் பிரிப்ப? உன் விஷயம் அப்புறம் பேசுவோம்." கிள்ளானுக்குப் போன் போடப் போய்விட்டார்.

மாதவிக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அப்பாவின் அறைதான் நினைவுக்கு வந்தது.

"அண்ணே, எங்கப்பா இருக்கிற ரூமுக்கும் நீங்கதானே பூசை போட்டீங்க? நான் லீவுல இருந்தேன். படத்தை எதுல மாட்டினீங்க?"

நாகையா யோசித்தார். யோசிக்க வேண்டிய கேள்வியில்லை அது.

"டேப்லதான். டேப்லதான்னு நெனக்கிறேன்."

அவள் கேஜைக் கழற்றித் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

"பாஸ்கிட்ட சொல்லுங்கண்ணே, நான் கிள்ளானுக்குப் போறேன்."