வாசலில் இல்லாத செருப்பு

காற்று ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கும்போது தகரக் கூரை முனகுமே, அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? எனக்குப் பத்து வயதான வருஷத்தில் அது மூன்று தடவை எங்கள் காம்பவுண்டுக்குள் வந்தது. இன்றைக்கும் எங்காவது தகரம் அசைந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அண்ணாந்து நின்றுவிடுவேன்; வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஒரகடம் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த தெற்கத்திப் பெண்களுக்காக, வடக்குப்பட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பா தகர "ஷீட்" போட்டு நாலு அறை கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். அங்கே ஒரு சட்டம் உண்டு. வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே "நைட் ஷிஃப்ட்" முடித்த ஆள் தூங்குகிறது, கதவைத் தட்டக் கூடாது. செருப்பு இல்லையென்றால் ஆள் இல்லை. பூட்டை யார் பார்த்தார்கள், எல்லோரும் செருப்பைத்தான் பார்ப்போம். கடைசி அறை நாங்குநேரிப் பக்கத்து இசக்கி அக்காவுடையது. எனக்குத் தலை பின்னிவிட்டு, "ஏட்டி வாயாடி" என்று காதைத் திருகுவாள்.

சித்திரையில் வந்த முதல் "பேய்க்காத்து" எதிர்வீட்டு மாட்டுக்கொட்டகைக் கூரையைப் பெயர்த்துக் கரண்டுக் கம்பியில் தொங்கவிட்டது. பயந்துபோன அப்பா எங்கள் கூரையில் ஷீட்டுக்கு ஒரு கருங்கல் ஏற்றினார். ஆடியில் வந்தது முருங்கை மரத்தைச் சாய்த்து, ஒரு ஷீட்டைக் கல்லோடு நகர்த்திவிட்டுப் போனது. கொக்கி போட்டு முடுக்கலாமே என்றாள் அம்மா. "கல்லு பத்தல, அவ்ளோதான்" என்று அப்பா இன்னும் இரண்டிரண்டு ஏற்றினார். ஊரே அப்படித்தான் செய்தது, அவரை மட்டும் என்ன சொல்ல.

புரட்டாசியில், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்த கொஞ்ச நேரத்தில், வானம் மஞ்சளடித்து, பிளாட் போட்டுக் காலியாகக் கிடந்த நிலத்தில் மண் தூண் மாதிரி எழுந்து, கம்பெனிக் குப்பையின் தெர்மாகோல் துண்டுகளைத் தனக்குள் சுற்றிக்கொண்டே எங்கள் பக்கம் வந்தது. "அய்யய்யோ, ஓடுடி! ரூமுல யார்னா கீறாங்களானு பாரு, செருப்பு இருந்தா எழுப்பி இட்டுகினு வா" என்று அம்மா கத்தினாள்.

ஓடினேன். நாலு வாசலிலும் செருப்பு இல்லை. ஆனால் முற்றத்தில் ஒரு நீலச் செருப்பு உருண்டுகொண்டு போனது. அது யாருடையது என்று எனக்குத் தெரியாதா என்ன? கடைசிக் கதவை இரண்டு தட்டுத் தட்டினேன். தலைக்குமேல் தகரம் முனகியது. ஒரு கல் நறநறவென்று நகர்ந்தது. பாவி நான், திரும்பி ஓடி வந்துவிட்டேன். எங்கள் வீடு தளம் போட்டது. அம்மா என்னை உள்ளே இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள்.

"செருப்பு இருந்துச்சாடி?"

"வாசல்ல இல்லம்மா."

பொய் இல்லைதான். அம்மா நெஞ்சில் கைவைத்து "அப்பாடா, மாரியாத்தா" என்றாள். அக்கா உள்ளே இருக்கிறாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அம்மா கதவைத் திறந்துகொண்டு அந்தக் காற்றுக்குள் ஓடிவிடுவாள் என்ற பயத்தில் மூடிக்கொண்டேன்.

காற்று அடங்கியபோது நாலு அறைக்கும் கூரை இல்லை. ஷீட்டுகள் பறந்துவிட்டன, கற்கள் எல்லாம் உள்ளே விழுந்திருந்தன. பாயில் கிடந்த இசக்கி அக்காவின் வலது கைமேல் அப்பா ஏற்றிய கல். "செருப்பு இல்லன்னியேடி" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்பா அந்தக் கல்லைப் புரட்டித் தள்ளினார்.

அக்காவுக்கு இரண்டு விரல்கள் மடங்காமலே போயின. அந்தக் கையோடு கம்பெனியில் பாகம் கோக்கும் "லைன்" வேலை எப்படிச் செய்வது? ஊருக்குக் கிளம்பும் நாளில், யாரும் இல்லாத நேரம் பார்த்து என்னிடம் வந்தாள். "ஏட்டி, நீ கதவத் தட்டுனது கேட்டுச்சு. கனவுன்னு நெனச்சுப் பொரண்டு படுத்துட்டேன். நான் யார்ட்டயும் சொல்லல, அழாத" என்று இடது கையால் என் காதைத் திருகினாள். வலிக்கவேயில்லை.

அந்த அறைகள் இப்போது இல்லை, கல்லும் இல்லை, முருங்கையும் இல்லை. அதே இடத்தில் மூன்று மாடி ஹாஸ்டல் நிற்கிறது, நான்தான் பார்த்துக்கொள்கிறேன். செருப்புக்கென்று தனி அலமாரிகூட உண்டு. போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் காற்று ஊளையிட ஆரம்பித்ததும், அலமாரிப் பக்கமே திரும்பாமல் ஒவ்வொரு கதவாகப் போய்த் தட்டினேன். "இன்னாக்கா, கான்கிரீட் தளம்தானே, இப்பதான் கண்ணசந்தேன்" என்று உள்ளிருந்தே ஒருத்தி எரிந்து விழுந்தாள். குரல் போதாது எனக்கு. அவள் எழுந்து வந்து கதவைத் திறந்து முகத்தைக் காட்டும்வரை தட்டிக்கொண்டே இருந்தேன்.