துறவுக்குச் சம்மதம்

ஜப்பான்காரர்கள் பினாங்கை ஆண்ட காலம் அது. ஜார்ஜ் டவுனில், டத்தோ கிராமட் ரோட்டுப் பக்கம் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். நான், என் கணவர், இன்னும் நடக்கத் தொடங்காத எங்கள் பெண் குழந்தை, அவ்வளவுதான் குடும்பம். கல்யாணமாகி அதிக காலம் ஆகவில்லை. அதற்குள் என் கணவர் சன்னியாசம் வாங்கிக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றார்.

அவர் துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தாவாக, இருந்தவர். கிராணி என்றால் அப்போது லேசுப்பட்ட ஆளா? கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வெள்ளைக் கோட்டும் காற்சட்டையுமாக அவர் தெருவில் இறங்கினால் மூட்டை தூக்குகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். தன் அப்பா வயதுக்காரரைக்கூட "டேய்" என்றுதான் கூப்பிடுவார். அது தப்பு என்று அவருக்குத் தோன்றியதில்லை. கூப்பிடப்பட்டவர்களுக்குத் தோன்றியிருக்கும், ஆனால் கிராணியிடம் யார் போய்ச் சொல்வது?

குண்டு விழுந்ததும் துரைமார்கள் கப்பலேறிவிட்டார்கள். கம்பெனியை மூடிவிட்டார்கள். இவர் வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டார். வெளியே போனால் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பார். அந்தப் பயம் எல்லோருக்கும் இருந்தது. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நடுவதற்குக்கூட அவர் வரவில்லையே! பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துவிடுவார்களாம். மண்ணைக் கொத்தினதும் நான், கிழங்கைப் பிடுங்கினதும் நான், இடித்து மாவாக்கினதும் நான். பங்கீட்டு அரிசி கொடுக்கிற நாளில் இடுப்பில் குழந்தையோடு வெயிலில் வரிசையில் நின்றதும் நான்தான். அந்த வரிசையில் முன்பு அவர் "டேய்" போட்டவர்களெல்லாம் நிற்பார்களே, அங்கே அவர் எப்படி வருவார்?

அவர் வேதாந்தப் புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்தது. எதைச் சொன்னாலும் "எல்லாம் மாயை" என்பார். அவர் மாயை என்று சொன்னதெல்லாம் நான் தேடிக் கொண்டுவர வேண்டிய சாமான்களாகவே இருந்தன. உப்பு மாயை, விளக்குக்கு எண்ணெய் மாயை. சாப்பாட்டு நேரம் மட்டும் அவருக்குத் தவறாமல் ஞாபகம் இருந்தது.

ஒன்றை மட்டும் அவர் மாயையில் சேர்க்கவில்லை. அந்த வெள்ளைக் கோட்டும் காற்சட்டையும் தகரப் பெட்டிக்குள் இருந்தன. துரைமார்கள் திரும்பி வருவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் அவற்றை எடுத்து வெயிலில் காட்டி, சிரட்டைக் கரி போட்டு நான் இஸ்திரி செய்து மடித்து வைக்க வேண்டும். ஊரில் துணிப் பஞ்சம். ஆண்கள் சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். என் குழந்தைக்கு என் பழைய சேலையைக் கிழித்துத்தான் சட்டை தைத்தேன். அந்தக் கோட்டு மட்டும் ஒரு சுருக்கம் இல்லாமல் பெட்டியில் தூங்கியது.

ஒரு நாள் காலையில் வந்து, மிகவும் சாந்தமாக, "தண்ணீர்மலைப் பக்கம் மடத்துல இருக்கிற சாமிகிட்ட பேசிட்டேன். காவி வாங்கிக்கலாம்னு இருக்கேன். பொஞ்சாதி சம்மதம் இல்லாம கொடுக்கமாட்டேன்னுட்டார். நீ வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்" என்றார். காப்பி கேட்கிற குரலில்தான் கேட்டார்.

இது நம்மிடையே உள்ள பழைய முறைதான். மனைவி இருக்கிறவன் அவள் வாயால் சம்மதம் வாங்காமல் சன்னியாசம் வாங்கக்கூடாது. வாங்குவதற்கு முன் தனக்குத்தானே கருமாதி செய்துகொள்ள வேண்டும். உயிரோடு இருக்கிறவருக்குக் கருமாதி. கழுத்தில் தாலி இருக்கும், கட்டினவர் எனக்கு யாரோ ஆகிவிடுவார். சுங்கை பாக்காப் தோட்டத்தில் இருந்த என் அண்ணன் வீட்டுக்கு நானும் குழந்தையும் போய்விடலாம் என்று அதையும் அவரே முடிவு செய்து வைத்திருந்தார். அங்கே ஏற்கெனவே ஒரு பானைக் கஞ்சிக்கு எத்தனையோ வாய்கள் காத்திருந்தன. இன்னும் இரண்டு வாய் போனால் என் பிள்ளை பிழைக்குமா என்பதுதான் என் பயம். அழுகையைவிடக் கோபம்தான் முன்னால் வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "வாங்க போவோம்" என்று கிளம்பிவிட்டேன்.

மடம் என்பது பெரிய கட்டடம் ஒன்றுமில்லை. ஒரு சின்ன அறை, பக்கத்தில் அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை. கொட்டகைக்குள் காலெல்லாம் புண்ணாகிப்போன தோட்டத்து ஆட்கள் படுத்திருந்தார்கள். வேலையும் கூலியும் இல்லாமல் டவுனுக்கு வந்து விழுந்தவர்கள். சாமி வாளித் தண்ணீரோடு ஒருவருடைய புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். காவி வெளுத்து என்ன நிறம் என்றே தெரியவில்லை. கட்டுப்போட வாழை நாரையும் இலையையும் வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தார்.

எங்களைப் பார்த்ததும் கையைக் கழுவிவிட்டு வந்தார். "உங்களுக்குச் சம்மதமாம்மா?" என்று என்னைத்தான் கேட்டார்.

"சம்மதம் சாமி" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அதோடு நிறுத்தியிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். வாய் சும்மா இருக்கவில்லை. "எதைத் துறக்கப் போறார்னு மட்டும் தெரியல சாமி. என்னைப் பார்க்கிறதே இல்ல, பிள்ளையத் தூக்குறதே இல்ல. வீட்டு வேலை அவருக்குத் தெரியாது. பெட்டியில ஒரு கோட்டு இருக்கு, வாரா வாரம் இஸ்திரி போடுறேன். இவர் காவி கட்டிக்கிட்டா அதை யாருக்குக் கொடுக்கிறது? அதையாவது கேட்டுச் சொல்லுங்க."

குத்தலாகத்தான் சொன்னேன். என் கணவர் அதைக் குத்தலாக எடுத்துக்கொள்ளவில்லை. நிஜமான கேள்வி என்று நினைத்து, யோசிக்காமல் சட்டென்று பதில் சொன்னார்.

"அது பெட்டியிலேயே இருக்கட்டும். நீ உங்கண்ணன் வீட்டுக்குப் போறப்போ பத்திரமா எடுத்துக்கிட்டுப் போ. அந்துப்பூச்சி வராமப் பாத்துக்க."

கொட்டகைக்குள்ளிருந்து, சாமி புண் கழுவிவிட்ட ஆள் படுத்தபடியே, "கோட்டு போட்ட சாமியார் வர்றார்லா! எந்திரிச்சுக் கும்பிடுங்கடா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வலியில் முனகிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. என்னையும் பிள்ளையையும் விட்டுவிட அவருக்கு ஒரு நிமிடம் ஆகவில்லை, கோட்டுக்கு மட்டும் இவ்வளவு கவலை.

சாமி சிரிக்கவில்லை. என் கணவர் முகத்தைப் பார்த்து, "அம்மா சம்மதம் சொல்லியாச்சு தம்பி. கோட்டு இன்னும் சொல்லலையே" என்றார். குரலில் கேலி இல்லை. பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

வீட்டுக்குத் திரும்பினோம். அன்றைக்கு அவர் புத்தகத்தையும் தொடவில்லை, சாப்பிடவும் இல்லை. இப்படி நாலு பேர் முன்னால் அவமானப்படுத்திவிட்டேனே என்று எனக்கும் உறுத்தியது. போய்ச் சமாதானம் சொல்ல மட்டும் மனம் வரவில்லை.

மறுநாள் விடிந்து பார்த்தால் ஆளைக் காணோம். பெட்டி திறந்து கிடந்தது. கோட்டும் இல்லை, காற்சட்டையும் இல்லை. சன்னியாசமும் வேண்டாம், சம்சாரமும் வேண்டாம் என்று, கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மடத்துக்கு ஓடினேன்.

அங்கே கயிற்றில் வெள்ளைத் துணிப் பட்டைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. நான் இஸ்திரி செய்த துணி எனக்குத் தெரியாதா? நேற்று கேலி பேசிய அந்த ஆள் காலை நீட்டிக் காட்டினார். கெண்டைக்கால் முழுக்க வெள்ளைக் கட்டு. "உங்க வீட்டுக்காரர்தான்க்கா கிழிச்சார். அவரே கட்டியும் விட்டார்" என்றார். எங்கே போனார் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. சாமி மட்டும், "ரோட்டுப் பக்கம் போனார்ம்மா" என்றார்.

மடத்திலிருந்து திரும்பும்போதுதான் அன்று அரிசி கொடுக்கிற நாள் என்பதே ஞாபகம் வந்தது. அடுப்பில் வைக்க வீட்டில் ஒன்றும் இல்லை. யாரை நினைத்து அழுவது, எதை நினைத்து அழுவது என்று தெரியாமல் அரிசிக் கடையை நோக்கி நடந்தேன்.

வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது. கடைசியில் போய் நிற்கலாம் என்று பார்த்தால், கைலியும் வெறும் உடம்புமாக அங்கே நின்றுகொண்டிருந்தார் என் கணவர். கையில் எங்கள் அரிசிப் பை. தெருவில் அந்தக் கோலத்தில் பார்த்ததில் முதலில் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவருக்கு முன்னால் நின்றவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், வயதில் பெரியவர். அவர் திரும்பிப் பார்த்துப் பதறிப்போனார்.

"கிராணி ஐயாவா! நீங்க எதுக்கு இங்க? முன்னால போங்கய்யா, நாங்க சொல்லிக்கிறோம்" என்று ஒதுங்கி வழிவிட்டார்.

என் கணவர் தலை குனிந்து நின்றார். பிறகு சொன்னார்:

"பரவாயில்லண்ணே. நீங்க நில்லுங்க. நான் பின்னாலயே நிக்கிறேன்."

அண்ணே. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. அந்தப் பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வெறுமனே முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் போனேன். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டார். பிள்ளையைத் தெருவில் தூக்குவது அவரைப் போன்றவர்களுக்கு அப்போது கௌரவக் குறைச்சல். எங்கள் பெண் அவர் தாடியைப் பிடித்து இழுத்தாள். நடுரோட்டில் நின்று நான் அழுதேன்.

எங்கள் முறை வருவதற்குள் அரிசி தீர்ந்துவிட்டது. அன்றும் மரவள்ளிதான். கிழங்கைப் பிடுங்கத் தெரியாமல் பிடுங்கி, பாதியை மண்ணுக்குள்ளேயே ஒடித்துவிட்டு வந்தார். அதற்கும் திட்டினேன், குணம் எங்கே போகும்? அதன் பிறகு நாள்தோறும் காலையில் மடத்துக்குப் போய்ப் புண் கழுவிவிட்டு, பிற்பகலில் வீட்டுக்கு வந்து மண்வெட்டியை எடுப்பார். காவி பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் மறுபடி எழவில்லை.

வீட்டையும் மனைவி மக்களையும் விட்டுப் போவதுதான் துறவு என்று அதுவரை நானும் நினைத்திருந்தேன். பாரமானதை விடுவது யாருக்கும் சுலபம், அதற்குப் பெரிய மனசு தேவையில்லை. "நான் இன்னார்" என்று உள்ளே இறுகிப்போய் உட்கார்ந்திருக்கிறதே, அதைக் கழற்றத்தான் ஒரு மனிதனுக்கு உயிர் போய் உயிர் வருகிறது. எத்தனையோ சொற்பொழிவு கேட்டுவிட்டேன், காவி கட்டிய எத்தனையோ பேரை விழுந்து கும்பிட்டும் விட்டேன். ஆனாலும் என் கணவர், என்னிடம் சம்மதம் கேட்காமலேயே துறவியானது அந்த அரிசிக் கடை வரிசையில்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.