தேர் இல்ல, அப்பா மிசின்

போன வெள்ளிக்கிழமை, பெருமாநல்லூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழு வயதுப் பெண்ணிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பேச்சில் அல்ல... எழுத்தில்.

அங்கே இரண்டாம் வகுப்பு டீச்சர் சுமதி, என் தோழி. வெள்ளிதோறும் மதியம் பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லி, வகுப்புக்குக் குறுக்கே கயிறு கட்டி, க்ளிப் மாட்டித் தொங்கவிடுவார். "ஒருக்கா வந்து பாருங்கக்கா" என்று ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

போனதும் ஒரு நிபந்தனை. வரைந்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. என்ன படம் என்று பார்ப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

"இல்லீன்னா எல்லாரும் ஒண்ணா கத்துவாங்கக்கா."

ஜன்னலோரம் யாழினி. சுமதிக்கு அவளைப் பற்றித்தான் கவலை. போர்டில் இருப்பதை அச்சுப்போல எழுதுவாள். எழுத்துக்கூட்டிப் படிப்பாள். சொந்தமாக ஒரு வார்த்தை எழுது என்றால் மட்டும் பென்சில் கீழே போய்விடும். "மறுபடியும் ஒண்ணாவதுலயே உக்கார வெச்சிரலாங்களா டீச்சர்?" என்று அவள் அப்பா கேட்டிருந்தாராம். அன்று சாயங்காலம் அதைப் பேசி முடிவெடுக்க வருவதாக இருந்தார்.

அவள் படத்தின் முன்னால் போய் நின்றேன். உயரமாக, வட்டமாக, உச்சியில் வண்ண வண்ணமாக என்னென்னவோ... இதுகூடவா எனக்குத் தெரியாது?

"அவிநாசித் தேர்தானே? பிரமாதம் கண்ணு" என்றேன்.

அவள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்து, "பொறந்தநாள் கேக்குங்களா?" என்றார். வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம் – பாவம், என்ன செய்வாள்? க்ளிப்பிலிருந்து படத்தை உருவினாள். பென்சிலை எடுத்தாள். குனிந்து படத்தின் அடியில் எதையோ எழுதி, என் கையில் திணித்தாள்.

'தேர் இல்ல. கேக் இல்ல. அப்பா மிசின்.'

அவள் அப்பா ஓட்டுகிற, பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின். உச்சியில் இருந்தவை நூல் கோன்கள்.

'மிசின்' என்பதைத் திருத்த என் கை தானாக நீண்டது. பத்திரிகையில் பிழை திருத்துகிற தொழில் புத்தி. சுமதி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு வேண்டாங்கக்கா."

எனக்கோ ஆவல் தாங்கவில்லை. மிஷின் பக்கத்தில் நின்ற ஆளைக் காட்டி, "இவருக்குக் காதே இல்லையே, ஏன்?" என்றேன்.

யோசித்தாள். மறுபடியும் எழுதினாள்.

'மிசின் சத்தம். நான் கூப்டா அப்பாக்கு கேக்காது.'

அப்படியானால் இத்தனை நாள்...? எழுத வராமல் இல்லை. எழுத ஒரு காரணம் வரவில்லை. 'பூனை' எழுது என்கிறார் டீச்சர். டீச்சருக்குத்தான் பூனை தெரியுமே, அவருக்கு எதற்கு எழுதிக் காட்ட வேண்டும்? எதிரில் இருக்கும் ஆளுக்குப் புரியவில்லை என்றால்தான் எழுத்துக்கு வேலை. அந்த ஆளாக நான் வாய்த்தேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். தலைமுடியெல்லாம் பஞ்சு. சுமதி படத்தை நீட்டினார். உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்தவர், கடைசி வரியில் நின்றுவிட்டார். பிறகு மகள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"எப்பக் கண்ணு கூப்பிட்ட?" – மிஷினோடு போட்டி போட்டுப் பழகிய உரத்த குரல்.

"அம்மாவோட ராத்திரிச் சோறு கொண்டாரப்பங்கப்பா. தெனமும்."

ஒன்றாம் வகுப்புப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. பென்சிலை வாங்கி, படத்திலிருந்த தன் தலைக்கு இரண்டு பக்கமும் காது வரைந்தார்.

யாழினி எட்டிப் பார்த்தாள். "ஒண்ணு சிறுசா இருக்குதுங்கப்பா."

அழித்துவிட்டு, இன்னும் பெரிதாகப் போட்டார்.