ஏழேகால் மணி மருந்து

மாதத்தின் முதல் வியாழக்கிழமை, பந்தலூரைச் சுற்றியுள்ள எஸ்டேட்டுகளில் குழந்தைக் காப்பகம் நடத்தும் ஆயாக்கள் எங்கள் எஸ்டேட் அலுவலகத்துக்கு வருவார்கள். சுகாதாரத் துறையின் சுற்றறிக்கையை அவர்களுக்கு வாசித்துச் சொல்வது கிளார்க்கான என் வேலை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் எதில் அம்மை கண்டிருக்கிறது, எந்தத் தொட்டித் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும், சொட்டு மருந்து முகாம் எங்கே என்பதெல்லாம் அதில் இருக்கும். மற்றவற்றைத் தாளைப் பார்த்துப் படிப்பேன். காய்ச்சல் பற்றிய பத்தி வரும்போது தாளைக் கீழே வைத்துவிடுவேன்.

அந்தப் பத்தியை முதன்முதலாக வாசித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. காய்ச்சல் உள்ள குழந்தையைச் சேர்க்கக் கூடாது. மருந்து இல்லாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்த பிறகுதான் சேர்க்க வேண்டும் என்றிருந்தது. எங்கள் எஸ்டேட் ஆயா வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். காப்பகத்தை அவர் பிள்ளைக்காம்பரா என்றுதான் சொல்வார்.

"கிளாக்கம்மா, இந்தத் தாளு சொல்றபடி பாத்தா ஆடி மாசம் காம்பராவுல நானும் தொட்டிலுந்தான் இருப்போம்."

"சிரிக்காதீங்க. சட்டம்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்க" என்றேன்.

அடுத்து வலிப்பு பற்றிய வரிகள். குழந்தையைப் பக்கவாட்டில் படுக்க வை, இறுக்கிப் பிடிக்காதே, வாயில் எதையும் வைக்காதே, கடிகாரத்தைப் பார், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஒரு கணமும் தாமதிக்காதே. "கையில சாவி குடுக்கறதில்லீங்களா?" என்று ஒருவர் கேட்டார். "சாவி பீரோ திறக்கறதுக்குங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

அப்போது என் மகளுக்கு இரண்டரை வயது. திருமணமாகிப் பதினொரு வருடம் கழித்து, என் முப்பத்தொன்பதாவது வயதில் பிறந்தவள். கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை, சனிக்கிழமை பஸ்ஸில்தான் மேலே வருவார். மற்ற நாட்களில் நானும் அவளும் மட்டும்.

அந்த ஆடியில், தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று சொல்லியிருந்த நாளன்று, காலையில் அவள் கழுத்தைத் தொட்டேன். சுட்டது. தெர்மாமீட்டர் அலமாரியில் இருந்தது. நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எவ்வளவு என்று தெரிந்துவிடும். தெரிந்தால் வீட்டில் இருக்க வேண்டும். காய்ச்சல் மருந்து ஐந்து மில்லி ஊற்றிக் கொடுத்தேன். அப்போது மணி ஏழேகால். எட்டேகாலுக்கு உடம்பு குளிர்ந்து, குல்லாவைப் பிடுங்கி விளையாட ஆரம்பித்துவிட்டாள்.

காப்பக வாசலில் ஆயா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காச்சல் கீச்சல் ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லீங்க."

காப்பகம் அலுவலகத்துக்குக் கீழே, முப்பது படி இறங்கினால் வந்துவிடும். மதியத்துக்குக் கொஞ்சம் முன்பு கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் மழையில் நனைந்தபடி ஓடி வந்தார். "அம்மா, உங்க புள்ளைக்கு வலிப்பு!" ஸ்டோர் அறையைத் திறந்துகொண்டிருந்தவள் அப்படியே ஓடினேன். படிகளில் இறங்கியது நினைவில்லை.

பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். கண் மேலே செருகியிருந்தது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. அந்தக் குளிரில் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டிருந்தார்கள். ஆயா பக்கத்தில் மண்டியிட்டு, ஒரு கையை அவள் கன்னத்துக்கு அணையாக வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பிள்ளை இப்படிக் கிடக்க இவள் மணி பார்க்கிறாளே என்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. கீழே விழுந்து மகளுடைய விரல்களைப் பிரித்தேன். அப்போதுதான் ஆயா தன் முழங்கையால் என்னைத் தள்ளினார்.

"சாவிய அங்கிட்டு போடுங்க!"

ஸ்டோர் சாவிக்கொத்து என் கையில் இருந்தது. அதைத்தான் அவள் விரல்களுக்குள் திணிக்கப் பார்த்திருக்கிறேன்.

"பதினொண்ணு நாப்பத்திரெண்டுக்கு ஆரம்பிச்சது. இன்னும் நாலு நிமிசம் ஆகல. ஜீப்புக்குச் சொல்லியாச்சு. நீங்க தாளுல படிச்சதத்தான் செய்யிறேன், கிளாக்கம்மா."

கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. ஒரு நீண்ட மூச்சு விட்டு, துவண்டு தூங்கிப்போனாள்.

எஸ்டேட் மருத்துவமனையில் டாக்டர் அவளைப் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது, காப்பகத்தை மேற்பார்வை செய்யும் நல அதிகாரி பதிவேட்டுடன் வந்தார். எங்களோடு ஜீப்பில் வந்திருந்த ஆயாவிடம் நேராகப் போனார்.

"காய்ச்சல் குழந்தையைச் சேர்க்காதேன்னு படிச்சுச் சொன்னாங்களா இல்லையா?"

"தொட்டுப் பாத்தேன், ஐயா. சுடல."

"தொட்டுப் பார்த்த லட்சணம் தெரியுதே. நிரந்தரம் பண்ணச் சொல்லி வேற கேக்கறே."

ஆயா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். நான் ஒன்றுமில்லை என்று சொன்னதை அவர் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் அவர் வேலை அன்றோடு போய்விடும் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது.

டாக்டர் நிமிர்ந்தார். "காலையில் மருந்து ஏதாவது கொடுத்தீர்களா? சரியாகச் சொல்லுங்கள், அதைப் பார்த்துத்தான் அடுத்த வேளை கொடுக்க வேண்டும்."

"ஏழேகாலுக்குங்க. அஞ்சு மில்லி. எந்திரிக்கறப்பவே சுட்டுது. இவங்க வாசல்ல கேட்டாங்க. நாந்தான் ஒண்ணுமில்லீன்னு சொன்னேன்."

டாக்டர் 7.15 என்று மட்டும் எழுதினார். நல அதிகாரி பதிவேட்டை மூடப் பார்த்தார்.

"எழுதுங்க சார்."

"உங்களைப் பத்தியா?"

"ஆமாங்க. ஆயா மேல தப்பில்லீன்னும் எழுதுங்க."

இப்படி வருவது பெரும்பாலும் தானாக நின்றுவிடும், மருந்தால் வந்ததல்ல, வீட்டில் இருந்திருந்தாலும் வந்திருக்கலாம் என்று டாக்டர் பிறகு சொன்னார். ஆறுதலுக்குச் சொல்லவில்லை, உண்மையும் அதுதான். ஆனால் வீட்டில் வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். சாவியைத் தேடியிருப்பேன்.

நான்கு நாள் கழித்து, மருந்தில்லாமல் காய்ச்சல் விட்டபின், அவளைக் காப்பகத்துக்குக் கூட்டிப் போனேன். ஆயா வாசலிலேயே நிறுத்தினார். "சாவிய ஆபீசுலயே வச்சிட்டு வந்தீங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் என் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அடுத்த வருடம் அவர் வேலை நிரந்தரமானது.

அவர் கேள்வியையும் மாற்றிவிட்டார். காய்ச்சல் இருக்கா என்று கேட்டால் எந்தத் தாயும் இல்லை என்றுதான் சொல்வாளாம். இப்போது "காலையில மருந்து எத்தனை மணிக்குக் குடுத்தீங்க?" என்றுதான் கேட்கிறார். கொடுத்தவர்கள் யோசிக்காமல் மணியைச் சொல்லிவிடுகிறார்கள். எங்கள் சுற்றறிக்கைத் தாளின் அடியில் அந்தக் கேள்வியை நானே சேர்த்துத் தட்டச்சு செய்தேன்.

மகள் இன்று என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். பஸ்ஸில் அவள் கண்ணயர்ந்தால் என் கை இப்போதும் அவள் நெற்றிக்குப் போகிறது. "அம்மா, கையை எடு" என்பாள். எடுத்துவிடுவேன்.

போன வியாழக்கிழமை புதிதாகச் சேர்ந்த ஓர் ஆயா எழுந்து கேட்டார். "ஏனுங்க, பெத்தவங்களே பொய் சொன்னா நாம என்ன பண்றதுங்க?"

முன்வரிசையில் இருந்த எங்கள் ஆயா திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சொல்லுங்க, கிளாக்கம்மா" என்றார்.

நான் தாளைக் கீழே வைத்தேன். "அன்னிக்குக் காலையில மணி ஏழேகாலுங்க" என்று ஆரம்பித்தேன்.