அமிர்தம் அக்காவின் பெரிய பைனாகுலர்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மாவு மில் நடத்தும் அமிர்தம் அக்கா நான்கரை அடிக்கு மேல் வளரவில்லை. மிஷினில் கோதுமை கொட்டவே பலகை மேல் ஏறுவார். அவருக்கு ஒரே ஆசைதான். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்தன்று நடராஜர் அபிஷேக மண்டபத்திலிருந்து ஆடிக்கொண்டே வெளியே வருவதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். வருஷம் தவறாமல் போகிறார். பார்ப்பதெல்லாம் முதுகுகள். ஒரு முறை அந்தப் பலகையையே தூக்கிக்கொண்டு போனார்; வாசலில் நின்றவர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

இந்த வருஷம் பைனாகுலர் வாங்கியே தீருவதென்று, பக்கத்துக் கடையில் தைக்கும் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். சின்னது கைக்குள் அடங்கும், மடக்கிப் பர்சில் போட்டுக்கொள்ளலாம். பெரியது உரித்த தேங்காய் போலக் கனத்தது.

அக்கா சின்னதைக் கண்ணில் வைத்து எதிர்சாரி ஓட்டலைப் பார்த்தார்.

"பவானி, பரோட்டா போடறவரு மீசை தெரியுதுடி!"

பெரியதை வைத்தார்.

"அய்யோ, மீசையில மாவு ஒட்டிக்கினு இருக்குது!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சின்னதையே எடுங்கக்கா, கழுத்து வலிக்கும்" என்றேன். பெரியதில் வெளிச்சம் ஜாஸ்தி, மண்டப நிழலிலும் பளிச்சென்று தெரியும் என்றார் கடைக்காரர்.

"மூட்டை தூக்குற ஒடம்புடி இது" என்று பெரியதை மாட்டிக்கொண்டார் அக்கா. திருமஞ்சனத்தன்று பஸ்ஸில் சிதம்பரம் போய்ச் சேரும்வரை வயல், கொக்கு, எதிரே வந்த லாரி டிரைவரின் கொட்டாவி என்று ஒன்று விடாமல் மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

கோயிலில் மேளம் கிளம்பியது. அக்கா பைனாகுலரைக் கண்ணில் வைத்தார்.

"என்னக்கா தெரியுது?"

"காலரு. அழுக்குக் காலரு."

அப்போதுதான் எங்கள் மரமண்டைகளுக்கு எட்டியது. பிரச்சினை தூரம் இல்லை, உயரம். எவ்வளவு பெரிய பைனாகுலரும் முன்னால் நிற்பவரைத் துளைத்துக் காட்டாது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது.

அந்த நேரம் குளக்கரை மண்டபத்தின் மேல்படியிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார்.

"எம்மா, கழுத்துல தொங்குதே, அத்தக் கொஞ்சம் குடேன்! எனக்குக் கண்ணு எட்ட மாட்டேங்குது. மேல வா, எடம் தரேன்!"

சின்னதாக இருந்தால் பர்சுக்குள் யார் கண்ணில் பட்டிருக்கும்? நாலு பேர் கை கொடுத்து அக்காவை மேலே ஏற்றிவிட்டார்கள். பைனாகுலர் அந்த அம்மாவிடம் போனது. அங்கிருந்து அவர் மருமகளிடம், பிறகு யாரோ ஒரு தாத்தாவிடம்.

மேளத்துக்கு ஏற்ப முன்னும் பின்னுமாக நடராஜர் ஆடி ஆடி வந்தார். அக்காவுக்கு முன்னால் ஒரு தலைகூட இல்லை. கீழே நின்ற எனக்குத்தான் பதற்றம்.

"பைனாகுலர வாங்குங்கக்கா! சன்னதிக்குள்ள போயிடப் போறாரு!"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டே நின்ற படியிலேயே துள்ளிக் குதித்தார்.

"அது எதுக்குடி? வெறுங்கண்ணுலயே தெரியறாருடி!"